இது வேணும்னே போட்டதா, மேடம்?

நவம்பர் 3, திங்கள்

முதலில் இரண்டு திருத்தங்கள். எனக்கு வயது எழுபத்தாறு இல்லை, எழுபத்தொன்று. புதுக் கருவி என்றால் எனக்குப் பயம் என்பதும் பொய். இரண்டையும் இன்று காலை வீடியோ கூட்டத்தில் முதலாளி ஷ்யாம்சுந்தர் சொன்னார். என் மைக் அணைந்திருந்ததால் நானும் அணைந்திருப்பேன் என்று நினைத்துவிட்டார் போலும். "மேடமுக்கு எழுபத்தாறு ஆயிடுச்சுப்பா. இனிமே போய் புது டூல் கத்துக்கோங்கன்னா பாவம். ரெஸ்ட் எடுக்கட்டும்."

பயமா? துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கணினிக்கு ஊட்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். ஓர் அட்டை இடம் மாறினால் அன்றைய வேலை முழுக்கப் போச்சு. கணினி ஓர் அறை அளவு இருக்கும். அதற்கு ஏசி உண்டு, எங்களுக்குக் கிடையாது. அப்போதே பயப்படவில்லை.

ஷ்யாம்சுந்தரின் கம்பெனி இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்கிறது. நோயாளியின் பெயர், வயது, எண்கள், அவற்றின் பக்கத்தில் இயல்பான அளவு எவ்வளவு என்று அச்சாகிறதே, அது எங்கள் வேலை. நிரல் எழுதுகிறவர்கள் மூன்றே பேர். நான் கிழக்குத் தாம்பரத்தில், சக்திவேல் திருநீர்மலை அடிவாரத்தில், ஜஹீரா அனகாபுத்தூரில். முதலாளி சிறுசேரியில். கொரோனாவில் அலுவலகத்தைக் காலி செய்ததிலிருந்து எல்லோருக்கும் வீடுதான் அலுவலகம். ஒரு பஸ்ஸும் ஒரு ஷேர் ஆட்டோவும் பிடித்தால் ஒருவரை ஒருவர் பார்த்துவிடலாம். ஆனாலும் விளம்பரத்தில் 'பரந்து விரிந்த குழு' என்று போட்டிருக்கிறார்.

புது விதி வந்திருக்கிறது. ஜனவரியிலிருந்து ஒருவர் தனியாக எழுதிய நிரல் வெளியே போகாது. இருவர் அவரவர் வீட்டிலிருந்தபடி ஒரே நிரலைத் திறந்துவைத்துச் சேர்ந்து எழுத வேண்டும். எந்தக் கருவியில் என்று முடிவாகவில்லை. என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றிக் கேட்டால், டூல் முடிவாகட்டும், பேசிக்கலாம் என்கிறார்.

எனக்குப் பின்னால் ஆள் நின்றாலே கை ஓடாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்த விதி யாரைக் கிளப்புவதற்காக வந்தது என்று எனக்கும் தெரியும்.

மைக்கைப் போட்டேன். கருவியை நானே சோதித்துத் தேர்ந்தெடுத்துத் தருகிறேன் என்றேன். அந்த நேரம் பார்த்து விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று என் வீட்டுக்கு மேலே போனது. சிறுசேரி வரை கேட்டிருக்கும்.

நவம்பர் 5, புதன்

மூன்று கருவிகளை இலவசச் சோதனைக்கு இறக்கிக்கொண்டேன். ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. நானே பெயர் சூட்டிவிட்டேன்.

ஒன்றுக்கு 'வேடிக்கை' என்று பெயர். ஒருவர் எழுதுவார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இன்னொன்று 'குழாயடி'. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுதலாம். தண்ணீர் லாரி வந்ததும் எல்லாக் குடங்களும் ஒன்றாக நீளுமே, அப்படி. மூன்றாவது 'கேரம்போர்டு'. ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் ஆட்டம். மணி அடித்ததும் விசைப்பலகை உரிமை தானாக மற்றவரிடம் போய்விடும். இவர் கெஞ்சினாலும் எழுத விடாது.

குழாயடி இப்போதே பிடிக்கவில்லை. எங்கள் கான்வென்டில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தால் திரும்பப் போய்த் தட்டிவிட்டு வர வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

வேடிக்கை. சக்திவேலுடன். இருபத்தெட்டு வயது, கெட்டிக்காரன், 'மேடம்' இல்லாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டான்.

கருவியைச் சோதித்தால் மட்டும் போதுமா? எதிரில் இருப்பவர் விழித்திருக்கிறாரா என்று யார் சோதிப்பது? பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த சிஸ்டர் பலகையில் வேண்டுமென்றே தப்பாக ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். மறுபேச்சில்லாமல் அதை நோட்டில் எழுதிக்கொண்டவர்களுக்குத்தான் தண்டனை. ஆகவே நானும் ஒரு பிழையை விதைத்தேன். வெளியே போகாத நகலில்தான். எனக்கு விளையாட்டு உண்டு, பொறுப்பும் உண்டு. ஹீமோகுளோபினின் கீழ் எல்லையில் பதினாறு என்றும் மேல் எல்லையில் பன்னிரண்டு என்றும் போட்டேன். அதன்படி உலகத்தில் ஒருவருடைய இரத்தமும் சரியில்லை.

காத்திருந்தேன்.

"சூப்பர் மேடம்" என்றான் சக்திவேல்.

நவம்பர் 10, திங்கள்

அதே வேடிக்கை, அதே பிழை, இன்று ஜஹீராவுடன். பிரசவ விடுப்பு முடிந்து செப்டம்பரில்தான் திரும்பி வந்தாள். மடியில் ஆறு மாதக் குழந்தை யாசீன். அவன் கூட்டங்களில் எல்லோரையும் விடத் தெளிவாகப் பேசுகிறான்.

அவள் கண் அந்த வரியில் நின்றது. வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. "ஓகே மேடம், அடுத்தது போலாம்."

பார்த்துவிட்டாள்! பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தாள். ஏன்?

நவம்பர் 13, வியாழன்

குழாயடி. சக்திவேல். இந்தத் தடவை தாராளமாகவே விதைத்தேன். கர்ப்பப் பரிசோதனை முடிவு ஆண்களுக்கு மட்டும் அச்சாகும்படி எழுதிவைத்தேன். மாடியில் தொட்டி வழியும் சத்தம் கேட்டது, மோட்டாரை அணைக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வீடு பெருக்க வந்த கனகவல்லி துடைப்பத்தோடு கணினி முன்னால் நிற்கிறாள். "இன்னாம்மா, நீ கைய வெக்காமயே அது பாட்டுக்கு எய்திகினு கீது?"

திருநீர்மலையிலிருந்து ஒரு பையன் எழுதுகிறான் என்றேன்.

"கதவு சாத்திதான கீது. எப்டி உள்ள வந்தான்?"

என் புகாரும் அதுவேதான் என்றேன்.

உட்கார்ந்து பார்த்தேன். 'ஆண்' இருந்த இடத்தில் 'பெண்'. ஓசைப்படாமல் மாற்றியிருக்கிறான். ஏதாவது மாற்றினாயா என்று கேட்டேன்.

"இல்லையே மேடம். நீங்க எழுதினதுதான். கரெக்டாதான் எழுதியிருந்தீங்க."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. காது சிவந்தது வீடியோவில் தெரிந்தது. மத்தியானம் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. இன்டர்நெட் இல்லை. கேரம்போர்டு தள்ளிப்போகிறது.

நவம்பர் 24, திங்கள்

மெதுவாக எழுத வேண்டும். கோபத்தில் இருக்கிறேன். யார்மேல் என்று இன்னும் தெரியவில்லை.

கேரம்போர்டு, ஜஹீராவுடன். அவள் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று மாடி அறையில் குழந்தையோடு இருந்தாள். இன்று எடுத்துக்கொண்டது நிஜ வேலை. வயதுக்கேற்ற இயல்பான அளவு அச்சாகும் பகுதி. போன வாரம் நான் தனியாக எழுதி முடித்தது. அடுத்த திங்கள் பரிசோதனை நிலையங்களுக்குப் போக வேண்டியது. அதில் ஒரு பிழையை விதைத்திருந்தேன். இரத்தம் எடுத்த நாளுக்கு முதல் நாளே அறிக்கை தயாராகிவிடும். எழுந்திருக்கும் முன் எடுத்துவிடலாம் என்று எண்ணம்.

மணி அடித்தது. விசைப்பலகை அவளிடம் போனது. இனி அவள் எழுதினால்தான் வேலை நகரும், நான் வெறுமனே பார்க்கலாம். வெகு நேரம் ஓர் எழுத்தும் வரவில்லை. இணைப்பு போய்விட்டதா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். நாள் தப்பாப் போட்டிருக்கீங்க. அது வேணும்னே போட்டதுன்னு நெனக்கிறேன்."

எப்படித் தெரியும் என்றேன்.

"நீங்க அப்படியெல்லாம் தப்பு பண்ண மாட்டீங்க. சக்தியும் அதான் சொன்னான், மேடம் நம்மள வெச்சு வெளயாடுறாங்கன்னு." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "ஆனா மேடம், மேல ஒண்ணு இருக்கே. அதுவும் வேணும்னே போட்டதா?"

மேலே நான் ஒன்றும் விதைக்கவில்லை.

"யாசீனுக்கு வயசு எவ்ளோ மேடம்?"

ஆறு மாதம் என்றேன்.

"வருஷத்துல?"

அப்போதுதான் பார்த்தேன். வயது வருடத்தில்தான் பதிவாகும். வயதுக் கட்டத்தில் சைபர் இருந்தால் வயதை யாரோ எழுத மறந்துவிட்டார்கள் என்று நான் வைத்துக்கொண்டேன். வயது தெரியாதவர்களுக்குப் பெரியவர்களின் அளவை அச்சிடச் சொல்லியிருந்தேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்கும் வயது சைபர்தானே! அடுத்த வாரத்திலிருந்து, இரத்தம் எடுத்த ஒவ்வொரு கைக்குழந்தையின் அறிக்கையிலும் என் வயதுக்காரர்களின் அளவு அச்சாகியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

அவள் திருத்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று கை ஓடாமல் போனது யாரோ என்னைப் பார்த்ததால் இல்லை, நான் பார்த்ததால்.

பிறகு கேட்டேன், என் நிரலில் இதற்கு முன்னும் தவறுகள் வந்திருக்கின்றனவா என்று.

"வந்திருக்கு மேடம். எல்லாருக்கும் வர்ற மாதிரிதான்."

யார் திருத்துவது?

"யார் ஃப்ரீயா இருக்காங்களோ அவங்க. நானோ, சக்தியோ." பிறகு சொன்னாள்: "பெரியவங்ககிட்ட நேர்ல எப்படி மேடம் சொல்றது?"

எத்தனை நாளா நடக்குது இது? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே. ஒருத்தர்கூட. போன வருஷம் முழுக்க என் பேர்ல ஒரு தப்பும் வரலைன்னு எங்க சர்ச் லைப்ரரியைப் பார்த்துக்கிற லீலாகிட்ட எத்தனை தடவை பீத்திக்கிட்டிருப்பேன். அப்பவும் இதுங்க ரெண்டும் பின்னாலேயே துடைச்சிக்கிட்டு வந்திருக்குதுங்க. மரியாதையாம். இதுக்குப் பேர் மரியாதையா?

நவம்பர் 25, செவ்வாய்

காய்ச்சல் என்று விடுப்புச் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

ராஜினாமாக் கடிதத்தை மனத்துக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் மிக நன்றாக இருந்தன. அதுதான் சங்கடம். நன்றாக எழுதியதை வீணாக்க மனம் வருவதில்லை.

என் கணவர் இருந்தவரை வீட்டில் ஒரு விமரிசகர் இருந்தார். குழம்பில் உப்பு, பேச்சில் கர்வம், இரண்டும் தூக்கலானால் அதே நிமிடம் சொல்லிவிடுவார். நான் இரண்டு நாள் பேச மாட்டேன். மூன்றாம் நாள் உப்பு சரியாக இருக்கும்.

சாயங்காலம் ஜஹீரா போன் செய்தாள். காய்ச்சலை விசாரித்தாள். இல்லையென்று சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள். அந்த சைபர் விஷயத்தை ஷ்யாம்சுந்தரிடம் அவள் சொல்லவில்லையாம். சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். புது விதி வந்தது என்னால் இல்லையாம்! வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், தூக்கமில்லாத ஒரு நாளில் அவள் தனியாக எழுதிய நிரலால் குரோம்பேட்டையில் ஒரு நிலையத்தில் இரண்டு நோயாளிகளின் முடிவுகள் மாறி அச்சாகிவிட்டன. நல்லவேளை, அங்கேயே ஒரு நர்ஸ் கவனித்துவிட்டாள். அன்று அழுதுகொண்டே ஷ்யாம்சுந்தரிடம் அவள்தான் கேட்டிருக்கிறாள், இனி யாரையும் தனியாக எழுத விடாதீர்கள் என்று.

ஆக, என்னைக் கிளப்ப யாரும் சதி செய்யவில்லை. மூன்று வாரமாக எவ்வளவு சிரத்தையோடு எதிர்த்து வந்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

ராஜினாமா இல்லை. அதைவிடக் குறும்பாக ஒன்று தோன்றியிருக்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

கூட்டத்தில் அறிவித்தேன். என் தேர்வு, நான் கேரம்போர்டு என்று பெயர் வைத்த கருவி. அதில் விளையாட இனி ஒரு நிபந்தனை. யார் கையில் விசைப்பலகை இருக்கிறதோ அவர் தன் முறையில் ஒரு பிழையாவது வேண்டுமென்றே விதைக்க வேண்டும். மற்றவர் அதைக் கண்டுபிடித்து, "இது வேணும்னே போட்டதா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் நிரலைச் சேமிக்கலாம். கேட்காமல் திருத்தினால் குற்றம்.

ஷ்யாம்சுந்தருக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு மேடம் வேண்டுமென்றே தப்பு என்றார். ஜஹீராவுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்து குழந்தையின் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

'இது தவறு' என்று என்னிடம் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு நாக்கு வராது. 'இது வேணும்னே போட்டதா' என்று கேட்க வரும். கேட்கிறவருக்கும் மரியாதை, கேட்கப்படுகிறவளுக்கும் மரியாதை. வேண்டுமென்றே போட்டதா இல்லையா என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

டிசம்பர் 4, வியாழன்

ஜஹீரா நான் விதைத்ததைப் பிடித்தாள். அவள் விதைத்ததை நான் பிடிக்கவில்லை. மாதங்களில் செப்டம்பரைக் காணோம். எப்படித் தவறவிட்டேன்? நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் அவளை.

டிசம்பர் 9, செவ்வாய்

சக்திவேல் ஒரு மணி நேரத்தில் நான்கு முறை "இது வேணும்னே போட்டதா, மேடம்?" என்று கேட்டான். பயம் போய்விட்டது, இப்போது ருசி கண்டுவிட்டான். நான்கில் ஒன்றுதான் நான் போட்டது. மூன்றுக்கும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு "ஆமாம்" என்றேன்.

அவன் முறையில் ஒன்றை நான் பிடித்தேன். "ஆமா மேடம், வேணும்னே போட்டதுதான்" என்றான். காது சிவந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

குழாயடிக்காரர்கள் இலவசச் சோதனை முடிந்தது என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். எங்களை இழப்பதில் மிகவும் வருந்துகிறார்களாம். முதலிலேயே கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கலாம்.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. சக்திவேல் வீட்டு ஜன்னல் வழியே மலைக் கோயில் ஒலிபெருக்கி நாங்கள் எழுதும் நிரலுக்குள் பாடுகிறது. இன்று அந்த "ஆமாம்" வரவில்லை. மணி அடிக்கும் முன்னால் அவன் ஒன்றைக் கேட்டான். "இல்லை சக்திவேல், தவறுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் அடுத்த வரிக்குப் போனான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

காலையில் ஷ்யாம்சுந்தர் போன் செய்தார். கேரம்போர்டையே வாங்கிவிட்டார்களாம். எல்லோருக்கும் சந்தோஷமாம். என் ஒப்பந்தம் பற்றிக் கேட்டேன்.

"அதான் மேடம் சொல்ல வந்தேன். நீங்க அட்வைசரா இருங்களேன். கோட் எழுதுற டென்ஷன்லாம் இந்த வயசுல எதுக்கு? மாசத்துக்கு ஒரு தடவ கூட்டத்துக்கு வந்து நாலு வார்த்த சொல்லுங்க, போதும். ஜனவரில நேர்ல பேசிக்கலாம்."

நாலு வார்த்தை. படத்துக்கு மாலை போட்டு ஓரமாக மாட்டுவதற்கு இதுவும் ஒரு முறை. சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். இப்போது உட்கார்ந்து எழுதி, ஜஹீராவிடமும் சக்திவேலிடமும் காட்டிய பின் அவருக்கு அனுப்பிவிட்டேன். நகல் இது:

அன்புள்ள ஷ்யாம்சுந்தர்,

கேரம்போர்டை நான் பரிந்துரைத்ததற்குக் காரணம், அதில் எதிரில் இருப்பவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கேட்காமல் உள்ளே நுழையவும் முடியாது. தம் முறை வந்தால் வாய் திறந்தே ஆக வேண்டும்.

நவம்பரில் நான் தனியாக எழுதிய வயதுப் பகுதியில் ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவு அச்சாகும்படி தவறு செய்திருந்தேன். வெளியே போகும் முன் ஜஹீரா கண்டுபிடித்தாள். அது வேண்டுமென்றே போட்டதல்ல. அதற்கு முன்னும் என் தவறுகளை அவளும் சக்திவேலும் எனக்குத் தெரியாமல் திருத்தி வந்திருக்கிறார்கள். இப்போது எனக்குத் தெரியும்படித் திருத்துகிறார்கள். என் வேலை இந்த மூன்று வாரத்தில்தான் ஒழுங்காக இருக்கிறது.

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆலோசகர் பதவி வேண்டாம். நாலு வார்த்தை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நிரல் எழுத விருப்பம், ஜஹீராவோடும் சக்திவேலோடும் முறை வைத்து. என் தவறை என் முகத்துக்கு நேரே சொல்லும் இடமாக இது தொடருமானால் ஜனவரியிலும் நான் வேலை செய்கிறேன். அப்படி இல்லையென்றால் டிசம்பரோடு நிறுத்திக்கொள்ளலாம், வருத்தமில்லை.

இரண்டில் எது என்பதைப் போனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.

சாராள் தேவசகாயம்